முடிவு தெரிந்த பின்னும் படிக்க

வாசிப்புச் சவால்களின் பட்டியலில் ‘பழைய குற்றப் புனைவு ஒன்று’ என்று பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். அந்த இடத்தை நிரப்பப் பலரும் யோசிக்காமல் கையில் அகப்படும் அகதா கிறிஸ்டியை எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய கதையிலிருந்து தொடங்கினால், இந்த வகைக்கு நூற்றெண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: கொலையாளி யார் என்று முன்பே தெரிந்துவிட்டாலும் அந்த நாவலைப் படிக்க முடிய வேண்டும். பழைய நாவல்களின் முடிவுகள் பின்னட்டையிலோ திரைப்படத்திலோ நண்பர்கள் பேச்சிலோ எப்படியும் கசிந்துவிடுகின்றன.

1920, 30களின் ஆங்கிலத் துப்பறியும் நாவலுக்கு இந்தச் சோதனை கடுமையானது. எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் அதற்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மறுவருடம் எழுத்தாளர்கள் கூடி லண்டனில் ‘டிடெக்‌ஷன் கிளப்’ தொடங்கினார்கள். வாசகரிடம் நேர்மையாக நடந்துகொள்ளும் இந்த ஏற்பாடு அழகானதுதான். ஆனாலும் அப்போது வந்தவற்றில் பல, புதிர் அவிழ்ந்ததும் செத்துவிடுகின்றன. கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’ (1926) அப்படியல்ல. அதன் உண்மையான சுகமே இரண்டாம் வாசிப்பில்தான், ஒவ்வொரு வாக்கியமும் எதை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று பார்க்கும்போதுதான் கிடைக்கிறது. பிரான்சிஸ் ஐல்ஸின் ‘மாலிஸ் அஃபோர்தாட்’ (1931), ஒரு கிராமத்து டாக்டர் மனைவியைக் கொல்லத் தீர்மானித்ததை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. டாரதி சேயர்ஸின் ‘காடி நைட்’ (1935) நாவலில் கொலையே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு பெண்கள் கல்லூரியில் மொட்டைக் கடிதங்கள் உலவுகின்றன. படிப்பா திருமணமா என்று பெண்களை நெருக்கும் கேள்விதான் அதன் மையம்.

என் முதல் தேர்வு இவற்றுக்கெல்லாம் முந்தையது: வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ (1868). 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஓர் ஆங்கில அதிகாரி கொள்ளையடித்த வைரம், யார்க்‌ஷயரில் ஒரு பெண்ணின் பிறந்தநாள் இரவில் காணாமல் போகிறது. உள்ளூர்ப் போலீஸ் அதிகாரி வீட்டு வேலைக்காரிகளைத்தான் முதலில் சந்தேகிக்கிறார். வைரத்தைப் பறிகொடுத்த பெண்ணின் அறைக் கதவின் புதுப் பூச்சில் ஒரு சின்னத் தீற்றல். காலையில் முண்டியடித்த வேலைக்காரிகளின் பாவாடை உரசியிருக்கும் என்று சொல்லிவிடுகிறார். பிறகு வரும் சார்ஜென்ட் கஃப், பூச்சு எப்போது முடிந்தது, உலர எவ்வளவு நேரம் ஆகும் என்று விசாரிக்கிறார். முந்தைய நாள் மதியம் மூன்று மணி. உலரப் பன்னிரண்டு மணி நேரம். அப்படியானால் வேலைக்காரிகள் வருவதற்கு எத்தனையோ மணி நேரம் முன்பே அது உலர்ந்துவிட்டது. பூச்சு ஒட்டிய துணி வீட்டில் யாரிடம் இருக்கிறது? இந்த ஒரு கேள்வி வேலைக்காரர் பகுதியை விட்டு எஜமானர்களின் அலமாரிவரை போகிறது. 1860இல் இங்கிலாந்தை உலுக்கிய ரோட் ஹில் கொலை வழக்கில் காணாமல்போன இரவு உடையின் நிழல் இதில் இருக்கிறது.

முன்பு திருடிச் சிறை சென்ற ரோசன்னா என்ற வேலைக்காரியை எல்லோரும் எவ்வளவு சுலபமாகக் குற்றவாளியாக்குகிறார்கள் என்பது, திருடன் யார் என்று தெரிந்தபின் படிக்கும்போது இன்னும் அதிகமாக வலிக்கிறது. கிழட்டுக் காரியஸ்தர், மதப் பிரசாரம் செய்யும் உறவுக்காரி, வழக்கறிஞர் என்று ஆளுக்கு ஒரு பகுதியாகக் கதை சொல்கிறார்கள். அவரவர் குருட்டுப் புள்ளி அவரவர் பேச்சிலேயே தெரிகிறது.

அமெரிக்கா பக்கம் போக விரும்புபவர்கள் டஷீல் ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ (1929) எடுக்கலாம். பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் எழுதியது. ஊரே அழுகிக் கிடக்கும்போது குற்றவாளி ஒருவனைப் பிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் நாவல்.

பெரிய நாவலுக்கு நேரமில்லை என்பவர்களுக்கு ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மட்சுமோட்டோவைச் சொல்வேன். 1957இல் ஒரு பயணப் பத்திரிகையில் தொடராகத் தொடங்கிய அவருடைய நாவல் ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. ஃபுகுவோகா அருகே காஷீ கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடக்கிறார்கள். காதலர்கள் சேர்ந்து விஷம் குடித்துவிட்டார்கள் என்று வழக்கை மூடப்போகிறார்கள். இறந்தவன் பையில் ரயிலின் உணவகப் பெட்டியில் தந்த ரசீது ஒன்று. ஒருவர் சாப்பிட்டதற்கு மட்டும். சேர்ந்து சாகக் கிளம்பிய பெண், பசியில்லாவிட்டாலும், அவன் சாப்பிடும்போது எதிரில் வந்து உட்கார்ந்திருக்க மாட்டாளா என்று ஒரு வயதான துப்பறிவாளருக்குத் தோன்றுகிறது. தடயவியல் ஏதுமில்லை, மனிதர்களைப் பற்றிய ஓர் அறிவு, அவ்வளவுதான்.

விசாரணை டோக்கியோவுக்கு நகர்கிறது. அங்கே ரயில் நிலையத்தின் 13ஆம் நடைமேடையிலிருந்து 15ஆம் நடைமேடையில் நிற்கும் ரயிலைத் தடையில்லாமல் பார்க்க வாய்ப்பது மாலையில் நான்கே நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில்தான் சாட்சிகள் அந்த ஜோடியைப் பார்த்திருக்கிறார்கள். சந்தேகம் யார்மேல் என்பதை ஆசிரியர் சீக்கிரமே காட்டிவிடுகிறார். அதன்பின் நம்மைப் பிடித்து வைப்பது ரயில் கால அட்டவணையும், ஓர் அமைச்சகத்தின் ஊழலில், இறந்தவனைப் போன்ற கீழ்மட்ட அதிகாரி ஒருவன் சாவது யாருக்கு வசதி என்ற கேள்வியும். மேலே இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கடைசி அத்தியாயத்தில் பாருங்கள். அதற்காகவே இதை நான் பட்டியலில் வைப்பேன்.