கல்லெழுத்தும் கோப்பெழுத்தும்: எல்லைப்புறக் கல்வெட்டுப் பாடங்களின் மின்வடிவப் பாதுகாப்பு

தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தின் கல்வெட்டுகளும் நடுகற்களும் தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகள் சந்திக்கும் நிலத்தின் சான்றுகளாகும். கிருட்டிணகிரி மாவட்டம் 2004இல் பிரிக்கப்படும் முன் இப்பகுதி தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்தது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1975இல் அச்சிட்ட தருமபுரி கல்வெட்டுகள் தொகுதியைப் படிக்க இன்றும் எக்கருவியும் வேண்டா. அதன்பின் கணினியில் தட்டச்சான பாடங்களின் நிலை அத்தகையதன்று.

சேமிப்பு ஊடகம் வழக்கொழிவதே சிக்கல் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. நெகிழ்வட்டை இயக்கும் கருவி அரிதாகிவிட்டது உண்மையே. ஆயினும் வட்டிலிருந்து கோப்பை மீட்டெடுத்த பின்னரே தமிழுக்குரிய இடர் தொடங்குகிறது. 'கொ' என்னும் எழுத்தைத் தகுதர (டிஸ்கி) குறியேற்றம் கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று குறிகளாகச் சேமிக்கும். ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். குறியேற்ற அட்டவணை கிடைக்காத தனியார் எழுத்துருவில் அமைந்த கோப்பு, திறந்தாலும் படிக்க இயலாத குறித்தொகுதியே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களைத் தகுதரத்திலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது. இம்மாற்றப்பணியே அதன் நூல்கள் இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம். கல்வெட்டுப் பாடங்களுக்கு அவ்வழி அத்துணை எளிதன்று. கிரந்த எழுத்துகள் ஒருங்குறியில் இடம்பெற்றது 2014இல். நிலஅளவை வரிகளில் வரும் தமிழ்ப் பின்னக் குறிகள் இடம்பெற்றது 2019இல். அதற்கு முற்பட்ட கோப்புகளில் இவ்வெழுத்துகளைத் தட்டச்சாளர் தாம் அறிந்த ஏதோ ஒரு குறியால் நிரப்பியிருக்கக்கூடும். (மாற்றுநிரல் இத்தகைய பிழையைக் கண்டு எச்சரிப்பதில்லை, அமைதியாக வேறோர் எழுத்தை இட்டுச் செல்லும்.) முக்கால் அரைக்காலாக மாறினால், தானநிலத்தின் பரப்பே மாறிவிடும்.

மூலக்கல் நிலைத்திருக்கும்வரை இப்பிழையைத் திருத்த வழியுண்டு. ஆனால் கருங்கல் குவாரிகளும் ஆலை விரிவாக்கமும் மிகுந்த இம்மாவட்டத்தில், வயல்வெளியில் நிற்கும் கல் பெயர்க்கப்பட்டுவிட்டால் கோப்பே ஒரே சாட்சியாகிறது. எனவே பாடத்தை மட்டும் சேமிப்பது போதாது. மைப்படியின் ஒளிப்படம், தட்டச்சுக்குப் பயன்பட்ட எழுத்துரு, குறியேற்ற அட்டவணை, மாற்றிய நாள், சரிபார்த்தவர் குறிப்பு ஆகியவை அதனுடன் இணைதல் வேண்டும். மின்னாக்கத் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் வருடிய பக்க எண்ணிக்கையையே சாதனையாகக் காட்டுகின்றன. ஐந்தாண்டுக்குப்பின் அப்பக்கங்களுள் எத்தனை திறந்து சரிபார்க்கப்பட்டன என்பதற்கு அவ்வறிக்கைகளில் தனி நிரலும் இல்லை, நிதி ஒதுக்கீடும் அரிது.