வழுவைப் பங்கிடும் கருவிகள்: பல்லுறுப்பி அண்ணளவாக்கம் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

சந்தைக்கு வரும் கருவி, முடிந்த பொருளாகவே நமக்குக் காட்சி தருகிறது. அதனைத் தோற்றுவித்த தேவையும் அதனுள் உறைந்துள்ள உழைப்பும் கண்ணுக்குப் புலனாவதில்லை. இலக்கியத்தை அதன் சமூகத் தளத்திலிருந்து பிரித்து நோக்கும் உருவவாதத்தை மறுத்துவந்துள்ள நாம், கணினி மென்பொருளை மட்டும் அவ்வாறு நோக்குவோமாயின் அது முரண்பாடாகும். சார்புகளைப் பல்லுறுப்பிகளால் அண்ணளவாக்கும் மென்பொருட்கள் இவ்வகையில் ஆராயத்தக்கவை.

மடக்கை, சைன் போன்ற சார்புகளை எளிய எண்கணிதச் செய்கைகளாக மாற்றுவதற்குப் பல்லுறுப்பி உதவுகிறது. 1790களில் பிரான்சில் மடக்கை அட்டவணைகளைத் தயாரிப்பித்த டி புரோனி, அடம் சிமித் விளக்கிய தொழிற்பிரிவினையைக் கணிப்புக்கும் பிரயோகித்தார். சூத்திரங்களைத் தெரிந்தெடுத்தோர் கணிதவியலாளர் சிலர்; அவற்றை எண்களாக்கியோர் வேறு சிலர்; எஞ்சிய 60 முதல் 80 பேர் வரையானோர் கூட்டலும் கழித்தலுமே செய்தனர். சிறு இடைவெளிகளில் மடக்கையைப் பல்லுறுப்பியாகக் கொண்டமையாலேயே இது சாத்தியமாயிற்று. 1832 இல் வெளியிட்ட நூலில் இதனை விவரித்த சார்ள்ஸ் பபேஜ், அந்த இறுதிப் பிரிவினரின் இடத்தில் இயந்திரத்தை நிறுத்த முனைந்தவர். அந்நூலை மார்க்ஸ் ‘மூலதன’த்தில் எடுத்தாண்டமை தற்செயலானதன்று.

செபிசேவின் கொள்கையும் தொழிற்சாலையோடு தொடர்புடையதே. 1852 இல் மேற்கு ஐரோப்பாவில் இயந்திரங்களை நேரிற் கண்ட அவர், 1854 இல் வெளியான கட்டுரையில் நீராவி இயந்திர இணைப்புத் தண்டுகளின் இயக்கம் நேர்கோட்டிலிருந்து விலகுவதை எவ்வாறு குறைக்கலாம் என ஆராய்ந்தார். சிறந்த அண்ணளவு பற்றிய கொள்கை அவ்வினாவிலிருந்து வளர்ந்தது.

எனினும், தோற்றத்தைக் கூறியதும் விமர்சனம் முடிந்துவிட்டதெனக் கருதுவது யாந்திரீகமான பார்வையாகும். அடுக்குக்குறிச் சார்பை -1 முதல் 1 வரை மூன்றாம் படிப் பல்லுறுப்பியால் அண்ணளவாக்குவதை எடுத்துக்கொள்வோம். பூச்சியத்தை மையமாகக் கொண்ட டெயிலர் பல்லுறுப்பியின் மிகப்பெரிய வழு ஏறத்தாழ 0.05, மிகப்பெரிய வழுவைக் குறைந்தபட்சமாக்கும் பல்லுறுப்பியில் அது ஏறத்தாழ 0.0055 மட்டுமே. முன்னையது ஒரு புள்ளியின் அருகே சிறந்து, ஓரங்களிற் பிழைபடுகிறது. பின்னையது வழுவை இடைவெளி முழுவதும் சமமாகப் பங்கிடுகிறது. இவ்வுண்மை வர்க்கத்துக்கு வர்க்கம் மாறுவதன்று. எந்த வழுவை, எவ்விடைவெளியில், யாருடைய தேவைக்காகக் குறைக்கிறோம் என்பதே சமூகத்தால் நிர்ணயிக்கப்படுகிறது.

இன்றைய கருவிகளையும் இவ்வினாவைக் கொண்டே மதிப்பிடல்வேண்டும். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ‘செப்ஃபன்’ ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் சிறந்தது. அதனை உருவாக்கியோருள் ஒருவரான திரெஃபெதனின் 2013ஆம் ஆண்டு நூல், சிறந்த அண்ணளவு அளவுக்கு மிஞ்சிப் போற்றப்படுவதாகவும், செபிசேவ் புள்ளிகளில் அமையும் இடைச்செருகல் பெரும்பாலும் போதுமெனவும் வாதிடுகிறது. நடைமுறையிலிருந்து எழுந்த அவ்வாதம் ஏற்கத்தக்கதே. ஆயினும், செப்ஃபனின் மூலநிரல் திறந்ததாயிருப்பினும், அது இயங்குவதற்கு விலைகொடுத்துப் பெறும் ‘மட்லப்’ வேண்டும். பிரான்சில் உருவான ‘சொல்யா’ கட்டற்ற மென்பொருள். அது றெமெஸ் 1934 இல் வகுத்த முறையைக் கையாள்கிறது. கணினியின் எண்வடிவத்துக்குள் அடங்கும் குணகங்களையும் தேடித்தருகிறது. வழுவின் எல்லையை நிறுவியும் காட்டுகிறது. பிறர் நம்பிப் பயன்படுத்தும் நிரலை எழுதுவோர்க்கு இதுவே ஏற்றதென்பது எமது கருத்து.

விடையை மட்டும் தரும் கருவி பயன்படுத்துவோரை டி புரோனியின் இறுதிப் பிரிவினராகவே வைத்திருக்கும். தனது வழுவைச் சோதிக்க இடந்தருவதோ அவர்களை அந்நிலையிலிருந்து உயர்த்தும்.