சிறகடிக்கும் விமானம்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுக்கு விமானம் என்றால் முதலில் கோயில் விமானம்தான். பறக்கிற விமானம் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி, முத்து காமிக்ஸாக எங்கள் கைக்கு வந்தது. 1972-ல் தொடங்கிய அந்தப் புத்தகங்களில் இரும்புக்கை மாயாவிக்குத்தான் மவுசு. ராஜபாளையத்து மாமா வீட்டுப் பரணில் தூசி தட்டி நான் தேடியதோ விங் கமாண்டர் ஜார்ஜை.

அவருடைய பிறவிப் பெயர் ஜானி ஹஸார்ட். ஃப்ராங்க் ராபின்ஸ் 1944 முதல் 1977 வரை வரைந்த அமெரிக்க நாளிதழ்த் தொடர் அது. ராபின்ஸ் மைக்குக் கஞ்சத்தனம் பார்த்தவரில்லை. முகத்தில் பாதி, இறக்கையின் அடிப்பக்கம், மேகத்தின் மடிப்பு எல்லாமே கட்டிக் கறுப்பு. மட்டக் காகிதத்தில் மை மறுபக்கம் ஊறியும் அந்தக் கறுப்பு அசையாது நிற்கும். தமிழில் ஒரு பதவியும் புதுப் பெயரும் கிடைத்ததுமே அவர் எங்கள் தெரு ஆளாகிவிட்டார்.

ஜார்ஜைப் போன்ற பழைய விமானியை மறுபடி பறக்கவிடுவது எப்படி என்று கேட்டால் நான் ஏர்பாயைக் காட்டுவேன். 1942-ல் ஹில்மன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் காமிக்ஸ் இதழில் பிறந்தவன். மடாலயத்தில் வளர்ந்த அநாதைப் பையன். அங்கிருந்த துறவி ஒருவர் செய்த விமானம்தான் பேர்டி. வௌவாலைப் போல இறக்கையை அடித்துப் பறக்கும். 1953-ல் இதழ் நின்றது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டுகளில் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். புதுப்பிக்காததால் கதைகள் பொதுச்சொத்தாகிவிட்டன.

1986-ல் எக்லிப்ஸ் நிறுவனத்துக்காக எழுத உட்கார்ந்த சக் டிக்ஸன் செய்த காரியத்தை இன்றும் வியக்கிறேன். பழைய பையனை அதே வயதில் நிறுத்தி வைக்கவில்லை. அவனுக்கு வயதாகவிட்டார். சிறுவனாக வானத்தில் நியாயத்துக்குப் போராடியவர், ஆயுதம் விற்கும் முதலாளியாகியிருக்கிறார். முதல் இதழிலேயே கொல்லப்படுகிறார். அப்பா யாராக இருந்தார் என்றே அறியாத மகன் பேர்டியில் ஏறுகிறான். இறக்கை அதே இறக்கை, தலையில் ஏறிய பாரம் புதிது. சும்மா கிடைக்கிறது என்று எடுத்தாண்டவர்கள் எத்தனையோ பேர். இப்படி நடுவில் போன முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கதை சொன்னவர்கள் சிலர்தான்.

அந்தத் துணிச்சலோடு நம் ஓவியர் ஒருவர் ஒரு விமானியை வரைய வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. எங்கள் ஊரையொட்டிய செண்பகத்தோப்பு மலைக்காட்டில் சாம்பல் நிற மலை அணில் மரம் விட்டு மரம் தாவுவதைப் பார்த்திருக்கிறேன். நான்கு கால்களையும் விரித்து, நீண்ட வாலைப் பின்னால் நீட்டி, ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். பிறகுதான் கிளை ஆடும். ஓடுபாதையே இல்லாத அந்த மலைச்சரிவில் இறக்கையடித்து இறங்கும் விமானத்தை வரைபவருக்கு, அந்தக் கிளையின் ஆட்டமும் கைவர வேண்டும்.