பூப்போட்ட பிளைண்டும் பின்னாலிருந்து வரும் வெயிலும்

புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் கடைசியாக வாங்கும் பொருள்களில் ஒன்று ஜன்னல் பிளைண்ட். சுவருக்கு வண்ணம் அடித்தாயிற்று, சோபா வந்தாயிற்று, கட்டில் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது ஜன்னல். கடைக்காரர் சாம்பிள் புத்தகத்தைக் கொண்டுவந்து சோபாமேல் விரிக்கிறார். ரோஜா, செம்பருத்தி, பெயர் தெரியாத சீமைக் கொடிகள், ஒரு முழ நீள இலைகள். குஷன் உறையில் உள்ள சிவப்பு எந்தப் பூவில் இருக்கிறது என்று தேடி, அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இதுவே இருக்கட்டும்" என்கிறார்கள். அறைக்குப் பொருத்தமான பூவைத் தேர்ந்தெடுப்பது இன்று பெரும்பாலும் இவ்வளவில் முடிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தில் நல்லது உண்டு. ஆனால் அதன் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. பூவுக்கும் சோபாவுக்கும் பொருத்தம் பார்க்கிறோம். துணிக்கும் ஜன்னலுக்கும் பார்ப்பதில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளை, சாம்பல், பழுப்பு தவிர எதுவும் ஜன்னலில் கூடாது என்று சொல்லும் உள் அலங்காரக்காரர்கள் இப்போது அதிகம். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எதிர் பிளாக்கின் சுவரும் ஏ.சி. பெட்டிகளும் மட்டுமே தெரிகிற ஜன்னலில் ஒரு கொடி படர வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறே கிடையாது. அந்த ஆசைக்கு பிளைண்ட் தரும் வசதியை வேறெதுவும் தராது. மடிப்பு வைத்துத் தைக்கும் திரைச்சீலைக்கு ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு துணி வேண்டும். அவ்வளவு வாங்கியும் பூவில் பாதி மடிப்புக்குள் போய்விடும். ரோலர் பிளைண்ட் தட்டையாக இறங்கும். ஓர் அகலத் துணி போதும். வரைந்தவர் வரைந்தபடியே கொடி முழுசாகத் தெரியும். கட்டிலையோ படிப்பு மேஜையையோ ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும் சின்ன அறையில் தரைவரை தொங்கும் துணிக்கு இடமும் இல்லை. சுவரில் ஒட்டிய பூத்தாளைப் பெயர்ப்பது பெரும்பாடு. பிளைண்ட் பிடிக்காமல் போனால் இரண்டு பிராக்கெட்டைக் கழற்றினால் தீர்ந்தது.

சிக்கல் வெளிச்சத்தில் தொடங்குகிறது. சாம்பிள் புத்தகத்தில் துணிக்குப் பின்னால் அட்டை இருக்கிறது, வெளிச்சம் முன்னாலிருந்து விழுகிறது. ஜன்னலில் தொங்கும்போது பகல் முழுக்க வெளிச்சம் வருவது பின்னாலிருந்து. கிழக்குப் பார்த்த ஒரு படுக்கையறை ஜன்னலைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். ஒளி கசியும் ரகத்து ரோலர் துணி, பால் வெள்ளை அடிநிறம், அதில் இரண்டு வகை இளஞ்சிவப்பில் பெரிய பூக்கள். வெயில் பட்டதும் வெள்ளைப் பகுதி பளீரென்று எரிகிறது. இரண்டு சிவப்பும் கலந்து ஒரே பழுப்புக் கறையாகின்றன. மை அடர்த்தியாக விழுந்த இலைதான் எல்லாவற்றிலும் கறுப்பாகத் தெரிகிறது. பூ பின்னுக்குப் போய் இலை முன்னுக்கு வந்துவிடுகிறது. போதாததற்கு நம் ஜன்னல்களில் கம்பி உண்டு. கம்பியின் நிழல் துணிமேல் நெட்டுக்குத்தாக விழுந்து ஒவ்வொரு பூவையும் மூன்றாக, நான்காக அறுக்கிறது. துணி கம்பிக்குக் கிட்டத்தில் இருந்தால் நிழல் கத்திமுனை மாதிரி கூராக விழும். தள்ளி இருந்தால் சற்று மங்கும். அதே பூ, மாலை ஏழு மணிக்கு அறையில் விளக்கைப் போட்டதும், புத்தகத்தில் பார்த்த அழகோடு திரும்பி வருகிறது. காசு கொடுத்து வாங்கிய நிறம் இருட்டிய பிறகுதான் கண்ணுக்குக் கிடைக்கிறது.

இதைத் தவிர்க்க 'பிளாக்-அவுட்' ரகத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அதில் கம்பி நிழல் விழாது, உண்மைதான். ஆனால் ரோலரின் துணி ஜன்னல் பொந்தைவிடச் சற்று ஒடுக்கமாகத்தான் இருக்கும். பிராக்கெட்டுக்கும் சங்கிலிக்கும் இடம் விட்டாக வேண்டும். அந்த இடைவெளி வழியே இரண்டு பக்கமும் வெயில் கோடாக உள்ளே வரும். கூசும் இரண்டு கோடுகளுக்கு நடுவில், வெளிச்சமே படாத துணியில் இருக்கும் பூவைக் கண் பிடிக்காது. பகலில் பூவைக் காட்டுவதற்கு பிளாக்-அவுட் துணிதான் இருப்பதிலேயே மோசம். பகலில் தூங்குகிற இரவுப் பணிக்காரர்களுக்கு அது தேவை; அங்கே பூவை எதிர்பார்க்கக் கூடாது.

ஜன்னல் துணியில் படம் போடுகிறவர்கள் இதை ஒரு காலத்தில் நன்றாக அறிந்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19-இன் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஒளி ஊடுருவும் படங்களை ஜன்னலில் வைப்பது பெரிய மோகமாக இருந்தது. மெல்லிய துணியிலோ தாளிலோ வரைந்து, சில இடங்களில் மட்டும் வார்னிஷ் தடவி, வெளிச்சம் எங்கே அதிகம் கசிய வேண்டும், எங்கே தடுக்கப்பட வேண்டும் என்று தீர்மானித்து வேலை செய்தார்கள். லண்டனில் எட்வர்ட் ஓர்ம் 1807-இல் இந்தக் கலையைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். ஜேன் ஆஸ்டனின் 1814-ஆம் ஆண்டு நாவலான 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கில் கதாநாயகி ஃபேனியின் அறை ஜன்னலில் இப்படிப்பட்ட மூன்று படங்கள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் ஒளியையே மனத்தில் வைத்து வரைந்த படங்கள் அவை. இன்றைய பூப்போட்ட ரோலர் துணியில் பெரும்பாலானவற்றுக்கு அந்த யோசனையே கிடையாது. போர்வைக்கும் மேஜை விரிப்புக்கும் ஏற்ற ஒரு டிசைனை அப்படியே பாலியெஸ்டர் துணியில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து அனுப்புகிறார்கள். என் முக்கியமான குறை இதுதான். வாங்குகிறவரின் ரசனையைப் பழிப்பதற்கு முன் தயாரிப்பவரின் சோம்பலைச் சொல்ல வேண்டும்.

வெயிலுக்கு எந்தப் பூ தாங்கும்? கோரமண்டலக் கரையின் பழைய பூத்துணிகளை அருங்காட்சியகப் படங்களிலாவது பார்த்தவர்களுக்கு விடை தெரியும். இலைக்கும் இதழுக்கும் கோடு இருக்கிறது. கடுக்காய் ஊட்டிய துணியில் இரும்புக் கரைசலைத் தொட்டு வரைந்த கோடு கறுக்கும். படிகாரம் தொட்ட இடம் சாயவேரில் கொதித்துச் சிவக்கும். நீலம் வேண்டாத இடத்தை மெழுகால் மூடி அவுரியில் முக்குவார்கள். சாயம் நூலுக்குள்ளேயே இறங்கியது. தஞ்சை வட்டாரத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரிக்காரர்கள் கோயில்களுக்கு எழுதித் தரும் தொம்பைகளும் வாசமாலைகளும் அந்த மரபில் வந்தவை. வாசலில், தேரில், வெயிலும் விளக்கும் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாத இடத்தில் தொங்கும் துணிகள் அவை. நிறம் மங்கித் தெரிந்தாலும் கோடு நிற்கும். கோடு நின்றால் பூ பூவாகத் தெரியும். இன்று சாம்பிள் புத்தகத்தில் கோடு கட்டிய, நிழல் போடாத, தட்டையான பூ இருந்தால் அதையே எடுங்கள் என்பேன்.

நிழலும் புடைப்பும் போட்டு, புகைப்படம் போல அச்சடித்த பூவைப் பற்றிய சண்டை புதிதல்ல. 1852-இல் ஹென்றி கோல் லண்டன் மார்ல்பரோ மாளிகையில் அரசு அருங்காட்சியகம் திறந்தபோது, தவறான வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டாகச் சில பொருள்களைத் தனியறையில் வைத்தார். நிஜப் பூவைப் போலவே வரைந்த துணிகளும் சுவர்த்தாள்களும் அங்கே குற்றவாளிகளாக நின்றன. தட்டையான பரப்பில் தட்டையான உருவமே நேர்மை என்பது கோல் தரப்பின் கட்சி. ஓவன் ஜோன்ஸ் 1856-இல் 'கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்' நூலில் அதை விதியாகவே எழுதினார். சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், கம்பளத்தில் பூ கூடாது என்று வகுப்பறையில் மிரட்டும் அதிகாரியை நிறுத்தி, பூ பிடிக்கும் என்று சொல்லும் சிறுமியின் பக்கம் நின்றார். நானும் சிறுமியின் பக்கம்தான். பூவை விரும்புவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஜன்னல் என்ற இடத்தில் மட்டும் கோல் சொன்னதற்கு வேறொரு காரணம் கிடைக்கிறது. நிழல் போட்ட பூவில் ஓவியர் தன் வெளிச்சத்தை, பெரும்பாலும் இடது மேல்மூலையிலிருந்து, ஏற்கெனவே வைத்துவிட்டார். பின்னாலிருந்து உண்மையான வெயில் வருகிறது. இரண்டும் மோதும்போது தோற்பது ஓவியரின் வெளிச்சம்.

அடுத்தது அடிநிறம். பூ எது என்று அரைமணி நேரம் பேசுகிறோம். பரப்பில் பெரும்பகுதியை அடைத்திருக்கும் அடிநிறத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. பழைய வியாபாரிகள் பேசினார்கள். 1643-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதிய கடிதத்தில், மங்கிய சிவப்பு அடிநிறத் துணிகள் இங்கே விலைபோகவில்லை, வெள்ளை கூடுதலாக உள்ள அடிநிறத்தில் பூவும் கொடியும் வண்ணமாக வரட்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். வடக்கு ஐரோப்பாவின் மங்கலான அறைகளுக்கு அது சரியான கணக்கு. 1663-இல் லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் தன் மனைவியின் புது அறைச் சுவரை மூட வண்ணம் தீட்டிய இந்தியத் துணி வாங்கினார். மோகம் எவ்வளவு முற்றியது என்றால், கம்பளி, பட்டு நெசவாளர்களின் எதிர்ப்புக்குப் பணிந்து பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை இத்துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1721-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடுத்துவதோடு வீட்டு அலங்காரத்தில் பயன்படுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது.

நம் அறைக்கு அந்த வெள்ளை அடிநிறக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நமக்கு வெளிச்சம் பற்றாக்குறை இல்லை. ஒளி கசியும் துணியின் அடிநிறம் பகலில் அறையின் விளக்காக மாறுகிறது; இளஞ்சிவப்புத் துணி வழியாக வரும் வெயில் சுவரையும் தரை டைல்ஸையும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தையும் அந்த நிறமாக்கும். பச்சைச் சுவர் உள்ள அறையில் இளஞ்சிவப்பு அடிநிறம் போட்டால் சுவர் சேறு படிந்தது போலாகும். எனவே பூவைக் குஷனோடு சேர்ப்பதைவிட அடிநிறத்தைச் சுவரோடு சேர்ப்பது நல்லது. சந்தன நிறச் சுவருக்குச் சந்தனத்தை ஒட்டிய அடிநிறம். அப்போது ஜன்னலின் விளிம்பு கண்ணை உறுத்தாது. பூ சுவரிலேயே பூத்தது போல அமரும்.

குஷனோடு சேர்க்கும் விதியில் இன்னொரு கோளாறும் உண்டு. பூவில் ஒரு நிறத்தை எடுத்து அறையில் இரண்டு இடத்தில் திரும்பக் காட்டு என்ற அறிவுரை, ஏறக்குறைய காலியான ஓர் அறையை எண்ணிச் சொன்னது. நம் கூடத்தில் ஏற்கெனவே சுவாமி படங்கள், ஷோகேஸ் பொம்மைகள், நரம்பு ஓடும் டைல்ஸ், காலண்டர், திருமணப் புகைப்படம், அவ்வப்போது மாறும் சோபா விரிப்பு எல்லாம் இருக்கின்றன. மாறுகிற பொருளோடு மாறாத பொருளைப் பொருத்தினால், அடுத்த தீபாவளிக்கு விரிப்பு மாறும்போது பிளைண்ட் தனியாக நிற்கும். இத்தனையும் உள்ள கூடத்தில் பூப்போட்ட பிளைண்ட் கூட்டத்தோடு கூட்டமாகிவிடும் என்றே நினைக்கிறேன். கட்டிலும் அலமாரியும் மட்டும் உள்ள படுக்கையறையில்தான் அது பேசும்.

அளவு, ரகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றடி அகல ஜன்னலில் இரண்டடிப் பூ ஒன்றரைதான் பிடிக்கும். அந்த அரைப் பூ எந்நேரமும் கண்ணைக் கிள்ளும். நடுவில் வரும்படி வெட்டச் சொன்னால் கொஞ்சம் துணி வீணாகும், பரவாயில்லை. ரோமன் பிளைண்டை ஏற்றும்போது பூ மடிந்து அடுக்காகும். சின்னப் பூக்கள் நெருங்கி ஓடும் துணிக்கு அது தாங்கும், பெரிய பூவுக்குத் தாங்காது. நான்கங்குலப் பட்டைகள் தொங்கும் வெர்ட்டிகல் பிளைண்டில் பூ போடுவதே வீண். பட்டையைத் திருப்பியதும் பூ காணாமல் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று, ரோலர் எப்போதும் முழுசாக இறங்கி இருப்பதில்லை. பாதி இறக்கிய நிலையில் கண்ணுக்குத் தெரிவது துணியின் கீழ்ப்பாதி. அடியில் வேர், நடுவில் மரம், உச்சியில் பூக்கள் என்று வளரும் டிசைனில், பகல் முழுக்க வேரும் அடிமரமும் மட்டும் தொங்கும். பூவெல்லாம் உருளைக்குள் சுருண்டிருக்கும். வெற்றுத் துணியில் அடியில் மட்டும் ஒரு சாண் பூக்கரை ஓடும் டிசைன் எந்த உயரத்தில் நிறுத்தினாலும் முழுசாக நிற்கும். அக்கம்பக்கமாக இரண்டு ஜன்னல் இருந்து, இரண்டையும் வெவ்வேறு உயரத்தில் நிறுத்துகிற பழக்கம் உள்ள வீட்டிலும் இந்தக் கரைதான் தப்பிக்கும். இந்த மாதிரி டிசைன் கடைகளில் அரிது. தையல்காரரிடம் வெற்றுத் துணியையும் கலம்காரிக் கரையையும் கொடுத்து ரோமன் பிளைண்டாகத் தைக்கச் சொல்லலாம். அச்சுத் துணியின் விலைக்குள் முடியாமல் போகலாம், ஆனால் துவைக்க முடியும்.

மேற்கு ஜன்னலுக்கு என் பரிந்துரை வேறு. சென்னை, மதுரை, திருச்சி வெயிலில், கண்ணாடிக்கு உள்பக்கம் தொங்கும் எந்தத் துணியும் வெப்பம் உள்ளே நுழைந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது. அங்கே வெளியே மூங்கில் தட்டியோ சன்ஷேடோ வேலை செய்ய வேண்டும். பூப்போட்ட பிளைண்டை அங்கே மாட்டினால் அறையும் குளிராது, மாலை வெயிலில் சிவப்பும் சீக்கிரம் வெளுக்கும். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு பாலியெஸ்டர் துணியில் ஏறினால் துடைக்கத் துடைக்கப் பரவும். சின்னக் குழந்தைகள் உள்ள அறையில் தொங்கும் சங்கிலி கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு. சங்கிலியை இழுத்துச் சுவரில் கிளிப் போட்டு இறுக்குங்கள், அல்லது சங்கிலியே இல்லாத ஸ்பிரிங் ரகம் கேளுங்கள். வடக்குப் பார்த்த படுக்கையறை ஜன்னல் இருந்தால் அதற்குத்தான் பூவைத் தருவேன். நேர் வெயில் அதிகம் படாது, கம்பி நிழல் கூராக விழாது, நிறம் வெளுக்கவும் நாளாகும். கடைக்காரரிடம் ஓர் அடித் துணியாவது கேட்டு வாங்கி, அந்த ஜன்னல் கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, காலையில் ஒரு தடவை, நடுப்பகலில் ஒரு தடவை, விளக்குப் போட்டபின் ஒரு தடவை பார்த்துவிட்டு அளவு கொடுங்கள்.