மலைக்குச் சொன்னது, வேட்டைக்காரனுக்குச் சொல்லாதது

ஆல்டோ லியோபோல்டை வாசித்தவர்களிடம் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் அநேகமாக எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்வார்கள். அரிசோனா மலைச்சரிவில் சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு பெண் ஓநாய். பக்கத்தில் போய்ப் பார்க்கும் வனத்துறை இளைஞர்கள். அதன் கண்ணில் மெல்ல அணையும் ஒரு பச்சை ஒளி. ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று நம்பியிருந்தவன், அந்த ஓநாய்க்கும் மலைக்கும் வேறு கணக்கு இருப்பதை அப்போது உணர்கிறான். 'மலையைப் போலச் சிந்தித்தல்' சில பக்கங்களே உள்ள கட்டுரைதான். ஆனால் சூழலியல் எழுத்து பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் அது வந்துவிடும். பெரும்பாலும் அதை ஒரு தத்துவக் கவிதை மாதிரித்தான் பேசுகிறோம்.

என்னால் அதை இப்போது அப்படி வாசிக்க முடிவதில்லை. காரணம் அதன் தேதி. ஓநாயைச் சுட்டது 1909-ல். எழுதியது 1944 ஏப்ரலில். இடையில் 35 வருஷம். அந்த இடைவெளியின் முதல் பகுதியில், நியூ மெக்சிகோவில் ஓநாய்களையும் மலைச் சிங்கங்களையும் ஒழித்துக்கட்டச் சொல்லி எழுதியவர்களில் லியோபோல்டும் ஒருவர். அப்படியானால் 1944-ல் திடீரென்று ஏன் அந்தக் கண் நினைவுக்கு வர வேண்டும்? அப்போது அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது?

விஸ்கான்சின் மாநில வேட்டைக்காரர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுதான் நடந்துகொண்டிருந்தது.

கதை கொஞ்சம் பழையது. கட்டுப்பாடில்லாமல் சுட்டதிலும் காடழிப்பிலும், 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது விஸ்கான்சினில் வெண்வால் மான்கள் மிகவும் குறைந்துபோயிருந்தன. 1915-ல் அரசு ஒரு விதி கொண்டுவந்தது: கொம்புள்ள ஆண் மானை மட்டும்தான் சுடலாம். பெண் மானைச் சுட்டால் வார்டன் பிடிப்பான், அபராதம். அதைவிட, ஊரில் பேர் கெட்டுப்போகும். அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேட்டை ஒழுக்கம் இதுதான். மான்களும் மெல்லத் திரும்பி வந்தன. கால் நூற்றாண்டு கழித்து அதே அரசு வந்து, மான் பெருத்துவிட்டது, பனிக்காலத்தில் பட்டினியால் சாகிறது, காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் தின்று தீர்க்கிறது, இனிமேல் பெண் மான்களையும் சுடுங்கள் என்றது. அதைச் சொன்னவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் லியோபோல்ட். வனவிலங்கு மேலாண்மைக்கு 1933-லேயே பாடநூல் எழுதியவர். 1943-ல் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரும் ஆனார்.

அந்த வருஷ சீசனை இரண்டாகப் பிரித்தார்கள். நாலு நாள் கொம்பு மானுக்கு, நாலு நாள் கொம்பில்லாத மானுக்கு. சுமார் 1 லட்சத்து 28 ஆயிரம் மான்கள் விழுந்தன. '43-ன் குற்றம்' என்றே அந்த சீசனுக்குப் பேர் வந்தது. விஸ்கான்சின் மான்களைக் காப்போம் என்ற பேரிலேயே ஒரு பத்திரிகை நடத்தி லியோபோல்டைத் திட்டினார்கள். காட்டுக்கே போகாத பேராசிரியர் என்பது வசையின் சாரம். இத்தனைக்கும் அவர் வாழ்நாள் முழுக்க வேட்டையாடியவர். மான்கள் பனிக்கு ஒதுங்கும் சீடர் மரச் சதுப்புகளுக்கு நேரில் போய், பட்டினியில் செத்த மான்களைப் பார்த்துவிட்டு வந்தவர்.

இந்தச் சண்டைக்குள் வைத்து 'மலையைப் போலச் சிந்தித்தல்' கட்டுரையை வாசித்தால் அதன் பொருளே மாறுகிறது. அவருடைய மாணவரும் ஓவியருமான ஆல்பர்ட் ஹோக்பாம் அதன் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துவிட்டு, ஓநாய் விஷயத்தில் உங்களுக்கும் பங்கு இருந்ததே, அதை எங்கேயும் சொல்லவில்லையே என்று விடாமல் கேட்டிருக்கிறார். அந்த நச்சரிப்பில் பிறந்ததுதான் இந்த வாக்குமூலம். நல்ல மாணவர்.

ஆனால் வாக்குமூலம் யாரிடம்? ஓநாயிடம், மலையிடம். மலை எல்லாவற்றையும் அறிந்த கிழவனைப் போல உட்கார்ந்திருக்கிறது. மானுக்கு, மாட்டுக்காரனுக்கு, பைன் மரத்துக்குக்கூட ஓநாயின் ஊளை ஒவ்வொன்றாக அர்த்தமாகிறது. வேட்டைக்காரனும் அந்த வரிசையில் வந்துவிட்டுப் போகிறான். ஆனால் 1943-ல் எழுந்து நின்று, "எங்கப்பாவுக்கு நீங்க அபராதம் போட்டீங்க, இப்ப என்னையே சுடச் சொல்றீங்களா?" என்று கேட்கக்கூடிய ஒரு மனிதன் அதில் இல்லை. அவன் கேள்வி நியாயமானது. அரசு முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒன்றுக்கொன்று நேரெதிர். மாறியது ஏன் என்று, நாங்களும் வேறு மாதிரி நம்பியிருந்தோம் என்று, யாராவது அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் ஆணையத்தில் உட்கார்ந்திருந்தார். எழுதியும் வைத்திருந்தார். 1948-ல் பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பில் இறந்தார். 'சாண்ட் கவுண்டி அல்மனாக்' புத்தகமாக வந்தது 1949-ல். வேட்டைக்காரர்களுக்குக் கிடைத்தது வரைபடங்களும் விதிமுறையும். வாக்குமூலம் நமக்குக் கிடைத்தது.

வரைபடம் என்றதும் இன்னொன்று. லியோபோல்ட் தன் வாதத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது கிராண்ட் கேன்யனின் வடகரையில் உள்ள கைபாப் பீடபூமி. 1906-ல் அது வேட்டை தடைசெய்யப்பட்ட சரணாலயம் ஆனது. வேட்டை விலங்குகளை அரசே ஆள் வைத்துக் கொன்றது. மான் பெருகி, காட்டைத் தின்று, பிறகு கூட்டம் கூட்டமாகச் செத்தது. (1924-ல் அந்த மான்களை ஓட்டிக்கொண்டு போய் பள்ளத்தாக்கைக் கடக்கவைத்துவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. கௌபாய் நாவல்கள் எழுதிய ஜேன் கிரே படக்குழுவோடு போனார். பனி கொட்டியது. மான்கள் மனிதர்களைத் தாண்டிப் பின்பக்கமாக ஓடிவிட்டன. ஒரு மான்கூடக் கடக்கவில்லை. இதை வைத்து அவர் ஒரு நாவல் எழுதிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.) லியோபோல்டின் வரைபடத்தில் கைபாப் மான்கள் 1 லட்சம் வரை ஏறிச் சரிகின்றன. 1970-ல் கிரேம் காக்லி என்ற சூழலியலாளர் மூல அறிக்கைகளைத் தோண்டிப் பார்த்தார். அந்தக் காட்டின் பொறுப்பாளர் சொன்னது 30 ஆயிரம். வந்து போனவர்கள் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள், அவற்றில் உச்சமானதுதான் 1 லட்சம். உண்மையில் யாரும் எண்ணவில்லை. அதற்குப் பிறகு, 2006-ல், வேறொரு குழு அங்கே ஆஸ்பென் மரங்களின் வயதை ஆராய்ந்தது. மான் மிகுந்திருந்ததாகச் சொல்லப்படும் வருஷங்களில் முளைத்த மரங்கள் மிகக் குறைவு. அதாவது நடந்த விஷயத்தில் லியோபோல்ட் பெரும்பாலும் சரி. எண்தான் கைக்கு வந்த எண்.

விடை சரி, எண் தப்பு. பரீட்சையில் இதற்கு மார்க் கிடைக்காது. பொதுக்கூட்டத்தில் இன்னும் மோசம். ஒரு எண்ணை நம்பாதவன் அதோடு சேர்ந்து வரும் விடையையும் நம்ப மாட்டான்.

என் டீமில் மில்வாக்கிக்காரர் ஒருவர் இருக்கிறார். நவம்பரில் நன்றிநவிலல் பண்டிகையை ஒட்டி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். அவர் வேலைக்கு வர மாட்டார். அந்த வாரம் ரிலீஸ் வைக்கக்கூடாது என்பது எங்களிடம் எழுதப்படாத விதி. ஒருமுறை வெறுங்கையோடு திரும்பி வந்தவர் புலம்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "ஒன்பது நாள் மரத்து மேல உக்காந்தேன். வாலைக்கூடப் பாக்கல. இவனுங்க கம்ப்யூட்டர்ல மட்டும் மான் குட்டி போட்டுக்கிட்டே இருக்கு."

அந்தக் கம்ப்யூட்டர் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று தேடிப் போனேன். ஆண்-பெண் விகிதம், வயது, சுடப்பட்ட எண்ணிக்கை, இந்த மூன்றும்தான் அடிப்படை. சுட்ட மானையெல்லாம் பதிவு செய்தாக வேண்டும். பதிவு நிலையத்தில் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். ஆண் மான்களில் ஒன்றரை வயதுக்காரர்கள் எத்தனை பங்கு என்று தெரிந்தால், வருஷத்துக்கு எத்தனை பங்கு ஆண் மான்கள் சாகின்றன என்று கணக்கிடலாம். அதிலிருந்து மொத்த ஆண் மான்கள். அதிலிருந்து விகிதப்படி பெண்கள். கோடையில் பெண் மான்களோடு தென்படும் குட்டிகளை வைத்துக் குட்டிகள். புத்திசாலித்தனமான முறை. ஆனால் பெருக்கலின் மேல் பெருக்கல். மாநிலம் முழுக்க எடுத்தால் பிழைகள் ஓரளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும், சின்ன வட்டாரத்துக்கு இறங்கினால் ஆட ஆரம்பித்துவிடும். வேட்டைக்காரர்கள் இளம் கொம்பு மானை விட்டுவைக்கப் பழகினாலே போதும், மாதிரியின் அனுமானம் நகர்ந்துவிடும். டாஷ்போர்டில் எல்லாம் சரியாக ஓடும், யூசர் போனில் கத்துவார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்பது என் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மாநிலத்தில் மான் கூடியிருக்கலாம். அவருடைய நாற்பது ஏக்கரில் இல்லாமலும் இருக்கலாம்.

துறையும் நம்பிக்கையைச் சேர்த்துவைக்கிற மாதிரி நடந்துகொள்ளவில்லை. முதலில் ஒரு கொம்பில்லாத மானைச் சுட்டுக் காட்டு, பிறகுதான் கொம்பு மான் என்றொரு விதி. 1915-ஐ அப்படியே தலைகீழாகப் போட்ட இந்த விதியை மாநிலச் சட்டமன்றமே 2011-ல் எடுத்துவிட்டது. 2002 பிப்ரவரியில் மான்களை உருக்கிக் கொல்லும் மூளைநோய் விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. துறை மாநிலத்தின் தெற்கே 411 சதுர மைல் பரப்பைக் குறித்து, அதற்குள் இருக்கிற எல்லா மான்களையும் கொன்றுவிடுவது இலக்கு என்று அறிவித்தது. நிலத்துக்காரர்கள் பலர் கேட்டைத் திறக்கவில்லை. இறைச்சியைக் குழியில் போடுவதற்காகச் சுடுவது அவர்களுக்குத் தெரிந்த வேட்டை இல்லை. சில வருஷத்தில் இலக்கு கைவிடப்பட்டது, நோய் பரவிக்கொண்டே இருந்தது. நடக்காத காரியம்னு அப்பவே சொன்னோமே என்கிறார்கள் வேட்டைக்காரர்கள். நீங்கள் ஒத்துழைக்காததால்தான் நடக்கவில்லை என்கிறது துறை. இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல என்னால் முடியவில்லை.

இதில் பணக் கணக்கும் உண்டு. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத மத்திய வரி. அது மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணம் தனி. காசு கொடுக்கிறவன் குரல் உயரத்தான் செய்யும். ஆனால் வெறும் காசு விவகாரமாக இதைச் சுருக்க மாட்டேன். 1934-லிருந்து விஸ்கான்சினில் பாதுகாப்புப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் 72 கவுண்டிகளிலும் கூட்டம் போட்டு, மீன் அளவு, மான் சீசன் எல்லாவற்றுக்கும் பொதுமக்கள் ஓட்டுப் போடுவார்கள். அந்த ஓட்டு வெறும் ஆலோசனைதான். கேட்பார்கள், கேட்டபடி செய்ய வேண்டியதில்லை. இதைவிட எரிச்சலூட்டும் ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

லியோபோல்டின் புத்தகத்திலேயே இதற்கு வேறொரு வழி இருக்கிறது. '65290' என்ற கட்டுரை. தன் பண்ணைக்கு வரும் சின்னஞ்சிறு சிக்கடிக் குருவிகளின் காலில் வளையம் மாட்டி வருஷா வருஷம் பிடித்துப் பார்க்கிறார். ஐந்து பனிக்காலம் தாண்டிய ஒரு குருவியின் வளைய எண்தான் தலைப்பு. எண் அங்கே ஒரு செல்லப்பெயர். எண்ணுகிறவனே பார்க்கிறவன். என்னைக் கேட்டால், ஓநாய்க் கட்டுரையைவிட இதுதான் பெரிய கட்டுரை. சாராயக்கடை வாசலிலும் பெட்ரோல் பங்கிலும் இருந்த அந்த மான் பதிவு நிலையங்களிலும் இதில் கொஞ்சம் இருந்தது. உன் மானை நீயே கொண்டுவந்து போடுகிறாய், அடுத்தவன் மானைப் பார்க்கிறாய், பல்லைப் பார்த்து வயது சொல்லும் ஆளோடு வம்பளக்கிறாய். கணக்கில் உன் கையும் இருக்கிறது. 2015-ல் பதிவை போனுக்கும் இணையத்துக்கும் மாற்றினார்கள். வசதிதான். நான் அந்தத் துறையில் இருந்திருந்தால் அந்த ஆப்பை நானே ஆசையாக எழுதிக்கொடுத்திருப்பேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, பார்க்கிறவன் கண்ணை ஒரேயடியாகப் புனிதமாக்கிவிடக் கூடாது. அதே மாநிலத்தின் வடக்கு ஏரிகளில் ஒஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது மீன்பிடி உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அது செல்லும் என்று 1983-ல் நீதிமன்றம் சொன்னது. வசந்தத்தில் இரவு விளக்கோடு ஈட்டியால் வால்ஐ மீன் குத்த அவர்கள் படகிறக்கியபோது, கரையில் தூண்டில்காரர்களின் கூட்டம் திரண்டு கல்லெறிந்தது, வாயில் சொல்லக்கூடாத இனவசைகளைக் கத்தியது. நம்ம மீன் தீர்ந்துபோச்சு, கண்ணால் பார்க்கிறோம் என்பதுதான் அங்கேயும் வாதம். பல ஏரிகளில் தூண்டில்காரர்களுக்கான தினசரி அளவு 5-லிருந்து குறைக்கப்பட்டது, அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. 1991-ல் வந்த மத்திய அரசின் அறிக்கை, ஈட்டியால் மீன்வளம் அழியவில்லை, தூண்டிலில் போகும் மீன்தான் மிக அதிகம் என்றது. எண்களை நம்பாதவர்கள் அதையும் நம்பவில்லை. லியோபோல்டின் புத்தகத்திலும் ஒஜிப்வே மக்கள் அநேகமாக இல்லை. அந்த விடுபடலை அவருடைய காலத்தின் தலையில் போட்டுவிட்டுக் கடந்துபோவது சுலபம். ஆனால் மலைக்குக்கூட மனம் கொடுத்தவரிடம் அதைக் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

ஓநாய்கள் பிறகு விஸ்கான்சினுக்குத் தாமாகவே மினசோட்டா பக்கமிருந்து திரும்பி வந்தன. 2021 ஜனவரியில் மத்தியப் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து அவற்றை நீக்கினார்கள். துறை நவம்பர் வரை பொறுக்கலாம் என்றது. ஒரு வேட்டைக்காரர் அமைப்பு வழக்குப் போட்டது. உடனே நடத்து என்றார் நீதிபதி. பிப்ரவரியில், பனியில், இனப்பெருக்க காலத்தில் சீசன் திறந்தது. மொத்த அளவு 200. லைசென்ஸ் வாங்கியவர்களுக்கு 119, ஒப்பந்த உரிமைப்படி ஒஜிப்வே மக்களுக்கு 81. ஒரு பகுதியை மூட வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று சட்டம். அந்த 24 மணி நேரத்திலும் சுட்டார்கள். மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள்.

ஒஜிப்வே மக்கள் தங்கள் 81-ஐக் கேட்டு வாங்கியது சுடுவதற்காக இல்லை. அவர்களுக்கு ஓநாய் உடன்பிறந்தவன். அத்தனையாவது உயிரோடு இருக்கட்டும் என்றுதான் வாங்கினார்கள்.