சால்வை, தேங்காய், அப்புறம் நாடகம்

புணேயை அடுத்த தொழில்நகரமான தளேகாவிலிருந்து புணேயின் நாடக அரங்கங்கள் அப்படியொன்றும் தொலைவில்லை. லோக்கல் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சிவாஜிநகர். அங்கிருந்து பாலகந்தர்வ ரங்கமந்திருக்கு நடந்தே போய்விடலாம். சிஞ்ச்வடின் ராமகிருஷ்ண மோரே அரங்கம் இன்னும் பக்கம். ஆனால் இரவுக் காட்சி முடிந்து திரும்புவதுதான் பாடு. டிக்கெட், போக்குவரத்து, பிள்ளைகளுக்குத் தீனி என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையின் ஒப்பந்தத் தொழிலாளி அந்த நினைப்பையே விட்டுவிடுவார். ஆகவே நாடகம்தான் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டும் என்கிறார்கள். அதில் யாருக்கும் மறுப்பில்லை. போகிற விதத்தில்தான் எனக்குச் சில மனத்தாங்கல்கள்.

புணேக்காரர்கள் பெருமையோடு சொல்லும் முயற்சி கிரிப்ஸ். பெர்லினில் ஃபோல்கர் லுட்விக் 1960களில் தொடங்கிய சிறுவர் அரங்கம், 1972இல் இந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது. மனநல மருத்துவரும் நடிகருமான மோகன் ஆகாஷே அந்தப் பாணியைப் புணேக்குக் கொண்டுவந்தார். ஸ்ரீரங்க் கோட்போலே மராத்தியில் தழுவி எழுதிய ‘சான் சோட்டே, வாயிட் மோட்டே’ 1986இல் மேடையேறியது. நல்ல சிறுசுகள், பொல்லாத பெருசுகள் என்கிற அந்தத் தலைப்பே ஒரு சீண்டல். ராஜா ராணியும் பேசும் முயலும் கிரிப்ஸ் மேடைக்கு வருவதில்லை. பெற்றோர் சண்டை, அக்கம்பக்கத்தாரின் அதட்டல், பெரியவர்கள் கூசாமல் சொல்லும் பொய் ஆகியவைதான் அங்கே கதை. வளர்ந்த நடிகர்களே சிறுவர்களாக வருவார்கள், ஆனால் மழலை பேசிக் கொஞ்ச மாட்டார்கள். அரங்கில் உட்கார்ந்திருக்கும் குழந்தையை விவரம் தெரிந்த ஆளாக மதிக்கும் நாடகம் இது. சிறுவர் நாடகம் என்றாலே கடைசியில் ஒரு நீதியைச் சொல்லி அனுப்பும் வழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இந்த மரியாதை லேசான விஷயமாகத் தெரியாது.

ஆனால் அந்தக் குழந்தை யார்? நகரத்து அடுக்ககத்தில் வளர்ந்து, மராத்தி பேசி, டிக்கெட் வாங்கித் தரும் பெற்றோருடன் வருகிற குழந்தை. கட்டுமானத் தளத்துத் தகரக் கொட்டகையில் வீட்டில் கன்னடமோ ஹிந்தியோ பேசி வளரும் பிள்ளைக்கு, ‘உனக்கென்று ஒரு நியாயம் உண்டு’ என்று மேடையிலிருந்து வரும் சேதி பாதி மொழியிலேயே நின்றுவிடும். இதற்குக் கிரிப்ஸைக் குற்றம் சொல்ல முடியாது. அது தன் பார்வையாளரைத் தெரிந்து செய்த நாடகம். அதையே எல்லோருக்குமான மருந்தாக எடுத்துக்கொள்வதுதான் பிசகு.

இன்னொரு வழி, பள்ளிக்கூடத்துக்கே வந்து போகும் இலவசக் காட்சி. இங்கே மட்டுமில்லை, எங்கும் இதற்கு ஒரே சாயல். முன்வரிசையில் விருந்தினர்களுக்கு நாற்காலி, பின்னால் தரையில் பிள்ளைகள். வரவேற்புரை, விளக்கேற்றல், ஒவ்வொருவருக்கும் சால்வையும் தேங்காயும். மைக் ஒருமுறை கீச்சிட, பிள்ளைகள் சிரிக்க, ஆசிரியை ‘சூப் பஸா’ என்று அடக்குகிறார். நாடகம் தொடங்குகிற நேரத்தில் கூட்டம் சோர்ந்திருக்கும். பிறகு நெகிழிப் பை ஒழிப்பு, கை கழுவுதல் என்று ஏதாவது ஒன்று, முடிந்ததும் கைதட்டல், ஒரு குழுப்படம். குழு மறுபடி அந்தப் பள்ளிக்கு வருமா என்பது புரவலரின் மனசைப் பொறுத்தது. புதுச்சேரியில் ‘ஆழி’ குழுவை நடத்தும் வேலு சரவணன் இதே பள்ளி மைதானங்களில்தான் ‘கடல் பூதம்’ போன்ற நாடகங்களை ஆடுகிறார். கதை தொடங்குமுன்பே கோமாளியாகப் பிள்ளைகளுக்குள் புகுந்து அவர்களைக் கூச்சலிட வைத்துவிடுவார். அடக்கி உட்கார வைத்த வகுப்பு அப்போது பார்வையாளராக மாறுகிறது. அங்கேயும் குழு கிளம்பிய மறுநாள் என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கத்தான் செய்கிறது.

‘நாடகம் எட்டாத மக்கள்’ என்று பேசும்போது நகரத்தார் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இதே புணே மாவட்டத்து நாராயண்காவில், கோடைக்கால ஜாத்ரா, அதாவது ஊர்த் திருவிழா, நெருங்கும்போது தமாஷா என்னும் நாட்டுப்புற நாடகக் குழுக்கள் கூடாரம் போட்டு உட்காரும். ஊர்ப் பெரியவர்கள் வந்து பேரம் பேசித் தேதி குறித்துப் போவார்கள். வீட்டுக்கு வீடு வர்கணி, அதாவது ஊர்வரி, வசூலித்துத்தான் அந்தப் பணம் சேர்கிறது. தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பாரதக் கூத்துக்கு ஊர் கூடிக் குழுவை அழைப்பதும் இதே முறைதான். ஊரே கூப்பிட்டு ஊரே காசு கொடுப்பதால், அடுத்த ஜாத்ராவுக்கும் ஆட்டம் உண்டு. பிடிக்கவில்லையென்றால் வேறு குழு. இலவசக் காட்சியில் பிள்ளைகளுக்கு இல்லாத அதிகாரம் இது. அதற்காகத் தமாஷாவைக் கொண்டாடிவிடவும் முடியாது. பெரும்பாலும் ஆண்கள் கூட்டம், நள்ளிரவு ஆட்டம், லாவணி பாடி ஆடும் பெண்கள் மேல் விழும் விசிலும் கெட்ட பேச்சும். பதின்மூன்று வயதுப் பெண்ணை எந்த அம்மாவும் அங்கே அனுப்ப மாட்டாள்.

கூப்பிடும் அதிகாரத்தைச் சிறுவர் கைக்கே கொடுத்துப் பார்த்தவர் ரத்னாகர் மட்கரி. 1960களிலிருந்து மும்பையில் சிறுவர் நாடகம் நடத்தியவர், தன் கடைசி ஆண்டுகளில் தாணேயின் குடிசைப் பகுதி இளைஞர்களோடு ‘வஞ்சிதாஞ்சி ரங்கபூமி’யைத் தொடங்கினார். வஞ்சிக்கப்பட்டோரின் அரங்கம் என்று பெயர். ஒவ்வொரு குடியிருப்பும் தன் கதையைத் தானே கோத்து நாடகமாக்கி, ‘நாட்யஜல்லோஷ்’ என்ற விழாவில் ஆட வேண்டும். ஆயத்தப் பிரதி கிடையாது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையும் குடிகார அப்பாவும் அவர்கள் வாய்மொழியிலேயே மேடையேறும். இப்படிச் செய்யும் நாடகங்களின் பலவீனமும் தெரிந்ததுதான். பிரச்சினையைச் சொல்லி முடித்ததும் கை ஓய்ந்துவிடும், கடைசிக் காட்சி முழக்கமாகிவிடும். தொழில்நுட்பம் ஒரு பட்டறையில் வந்துவிடுவதில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருய்னும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலம் பிள்ளைகளைத் தங்கவைத்து, பள்ளிப் படிப்போடு கூத்தையும் ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தது. பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. அந்த ஆழம் தாணேயில் கிடைக்காது, தாணேயில் செய்ததைப் போலப் பத்து சேரிகளில் குருகுலத்தை நடத்தவும் முடியாது. எனக்குத் தாணேயின் பக்கமே சாய்வு அதிகம், குறையோடுதான்.

தளேகாவில் அந்த வழிக்கு இடமிருக்கிறது. உள்ளூர் நாடகத்தையும் சிறுவர் பயிற்சியையும் நெடுங்காலமாக நடத்திவரும் கலாபினி போன்ற அமைப்பு ஊரிலேயே இருக்கிறது. கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதி என்று ஒதுக்கும் பணமும் இருக்கிறது. அந்தப் பணம் ஒருநாள் காட்சிக்குப் போகாமல், சனிக்கிழமைதோறும் ஒரு தொழிலாளர் குடியிருப்புக்குப் போய்ப் பதினைந்து பிள்ளைகளோடு உட்காரும் பயிற்றுநரின் சம்பளமாகப் போகலாம். சிக்கல், தகரக் கொட்டகையில் பதினைந்து பேர் வசனத்தை மறந்து மறந்து சொல்லிப் பார்ப்பது ஆண்டறிக்கைப் படத்தில் அவ்வளவு எடுப்பாக விழாது.