கடிதத்தில் குழைத்த வண்ணம்

ஓவியனைப் பாராட்ட எழும் நாவில் முதலில் வந்து நிற்கும் சொல் ‘அருள்’. அருள் பெற்றவன், வரம் வாங்கி வந்தவன், கலைமகளே கைபிடித்து எழுதுவித்தவன் என்று புகழ்ந்துவிட்டு, அவன் விரலில் காய்ப்பேறிய இடத்தைப் பாராமலே போய்விடுகிறோம். ஓவியனையே கேட்டால் என்ன சொல்வான்? கேட்டவன் ஒருவன் இருந்தான். கேட்டதோடு காசும் அனுப்பினான். ஆலந்து நாட்டு ஓவியன் வின்சென்ட் வான் கோ தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களைக் குறிப்பிடுகிறோம். 650க்கு மேற்பட்டவை எஞ்சியுள்ளன. தியோவின் துணைவி யோகன்னா அம்மையார், கணவன் மறைந்தபின் அவற்றைக் காத்து, வரிசைப்படுத்தி, 1914இல் நூலாக்கினார்.

வான் கோ என்றதும் நம் இளைஞர்க்கு நினைவில் வருவது அறுபட்ட காது. 1888 டிசம்பரில் நேர்ந்த அந்த அவலத்தை வைத்துக்கொண்டு, பித்தன், ஆதலால் மேதை என்று முடிச்சுப் போட்டுவிடுகின்றனர். அருள் என்பாரும் பித்து என்பாரும் செய்வது ஒரே வேலைதான். உழைப்பை மறைக்கிறார்கள்!

கடிதக் கட்டைப் பிரித்தால் அங்கே வேறோர் ஆள் அமர்ந்திருக்கிறான். ஓவியக் கடையில் ஊழியம் பார்த்து, பள்ளியில் பாடம் சொல்லி, சுரங்கத் தொழிலாளரிடையே மதபோதகனாகத் திரிந்து, எதிலும் நிலைகொள்ளாமல் 1880இல், 27ஆம் வயதில், இனி ஓவியமே என் தொழில் என்று முடிவு கட்டியவன். கையில் கரிக்கோல், எதிரே ஷார்ல் பார்க் என்பார் தொகுத்த பயிற்சித் தாள்கள் 60. அறுபதையும் பார்த்து வரைந்தான், மறுபடியும் வரைந்தான். 1890இல், சாவதற்குச் சில வாரங்களுக்கு முன்பும், அந்தத் தொடக்கப் பாடத்தையே அனுப்பி வைக்கும்படி தம்பிக்கு எழுதுகிறான். ஆண்டு முடிந்ததும் பாடநூலை எடைக்குப் போட்டுவிடும் பிள்ளைகளை நாள்தோறும் காணும் நாம், இந்த இடத்தில் சற்று நின்றுவிட்டோம்.

அவனை முதலில் ஈர்த்தவை எவை? உழவரைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்கள். இலண்டன் வார இதழ்களில் வந்த, ஏழையரும் தொழிலாளரும் நிற்கும் மரச்செதுக்கு அச்சுப்படங்கள். பழைய இதழ்த் தொகுதிகளையே விலைக்கு வாங்கிச் சேர்த்தான்.

அந்த ஈர்ப்பு கனிந்த இடம் நூனென் என்னும் சிற்றூர். 1885இல் அங்கே தீட்டிய ‘உருளைக்கிழங்கு உண்போர்’ படத்துக்கு முன், குளிர்காலம் முழுவதும் உழவர் முகங்களை மட்டும் ஏறத்தாழ 40 முறை வண்ணத்தில் தீட்டிப் பழகினான். பிறகு அவன் தரும் விளக்கத்தைப் பாருங்கள்: தட்டில் நீளும் கை, மண்ணைக் கிண்டிய அதே கை என்பது தெரிய வேண்டுமாம், அதற்கேற்ப, படத்தின் நிறமும் தோலுரிக்காத, புழுதி படிந்த கிழங்கின் நிறமாக இருக்க வேண்டுமாம். கருத்து வேறு, சாயம் வேறு என்று பிரிக்க இடமே வைக்கவில்லை. படத்தின் கல்லச்சுப் படியைக் கண்ட நண்பன் வான் ரப்பார்டு கடுமையாகத் தாக்கினான். அவன் கண்ட குறை பொய்யன்று. தோளும் கையும் உடலோடு சரிவரப் பொருந்தாத இடங்கள் உண்டு. எனினும், அளவு பிசகாத அழகிய கைகள் அந்தத் தட்டில் நீண்டிருப்பின், பசி வெளியேறியிருக்கும் என்பதே நம் கருத்து.

வண்ணத்தைப் பற்றி அவன் பேசும்போது சாயப்பட்டறை வாசமே வீசுகிறது. பாரிசில் கோப்ளான் திரைச்சீலைப் பட்டறையின் சாயப் பிரிவுக்குத் தலைவராயிருந்த வேதியியல் அறிஞர் செவ்ரல். கறுப்புச் சாயம் மங்குகிறது என்று முறையீடு வந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, அருகிலிருக்கும் நிறத்தில் இருக்கிறது என்று கண்டறிந்து, 1839இல் நூல் எழுதினார். சிவப்பின் பக்கத்தில் பச்சை, நீலத்தின் பக்கத்தில் செம்மஞ்சள் நின்றால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். இந்த விதியை வான் கோ பிறர் எழுதிய நூல்கள் வழியே கற்றான். பல நிறக் கம்பளி உருண்டைகள் அடங்கிய, அவனுடைய சிவப்பு அரக்குப் பெட்டி இன்றும் இருக்கிறது. இழைகளைச் சேர்த்துப் பிடித்து நிறப் பொருத்தம் பார்த்திருக்கிறான். எந்த வரம் வந்து சொல்லிற்று இதனை?

ஆர்ல் நகருக்குப் போனால் அங்கே வளரும் நாணலைச் சீவி எழுதுகோலாக்குகிறான். வெள்ளை இத்தனைக் குழாய், குரோம் மஞ்சள் இத்தனை என்று பட்டியல் அனுப்புகிறான்.

பணம் கொடுப்பவனுக்கு எழுதியவை அல்லவா, தன் உழைப்பைச் சற்று உயர்த்திக் காட்டியிருக்க மாட்டானா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சில மடல்களில் வழக்குரைஞனின் குரல் கேட்கத்தான் செய்கிறது. ஆயின் கணக்கு ஒப்புவிக்க வேண்டிய அந்தக் கட்டாயமே, வேறு ஓவியர் பலர் வாய்திறவாத பட்டறைச் செய்திகளை நமக்கு வாங்கித் தந்தது.

தன் சரக்கின் குறையையும் அவன் ஒளிக்கவில்லை. புதுச் சாயங்கள் நிலையற்றவை, காலம் அவற்றை மங்கச் செய்யும். ஆகவே இப்போதே அழுத்தமாகப் பூசவேண்டும் என்று 1888இல் எழுதுகிறான். அவ்வாண்டு அக்டோபரில் தன் படுக்கையறையைத் தீட்டி, சுவர்கள் வெளிர் கத்தரிப்பூ நிறம் என்று தம்பிக்குத் தெரிவித்தான். ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இன்று அந்தப் படத்தின் முன் நிற்பவர் காண்பது நீலச் சுவர். கலவையிலிருந்த சிவப்புச் சாயம் ஒளிபட்டு வெளிறிவிட்டது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அவன் பூசிய நிறம் எது என்று அறிய விரும்புவோர், சுவரை விட்டுக் கடிதத்தைத்தான் எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.